ஸ்கேட்போர்டு டெக் சைஸ் எடுக்கிறது எப்படி: அகலத்துல ஆரம்பிச்சு கடைசி போல்ட் வரைக்கும்

புதுசா போர்டு வாங்கப்போற யார்கிட்ட பேசினாலும் "என் ஹைட்டுக்கு எந்த சைஸ் எடுக்கணும்"னு தான் முதல்ல கேக்குறாங்க. சைக்கிள் வாங்கும்போது உயரம் பாத்து எடுக்கிறோம்ல, அதே கணக்கு இங்கயும் இருக்கும்னு நினைச்சுக்கிறாங்க, ஆனா பெரியவங்களுக்கு ஸ்கேட்போர்டுல உயரம் கிட்டத்தட்ட கடைசியா பாக்கவேண்டிய விஷயம். டெக்குக்கு, அதாவது நாம ஏறி நிக்கிற பலகைக்கு, அடியிலயோ ஸ்டிக்கர்லயோ 8.0, 8.25, 8.5னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க பாருங்க, அது அகலம், இன்ச் கணக்குல. கடைக்காரர் "சைஸ் என்ன"ன்னு கேட்டா அந்த அகலத்தைத்தான் கேக்குறாரு. அகலத்தை சரியா புடிச்சுட்டா ட்ரக் (வீலை டெக்கோட சேக்குற உலோக பாகம்), வீல், கிரிப் (டெக் மேல ஒட்டுற சொரசொரப்பான ஷீட்) எல்லாம் அதுக்கு பின்னாடியே வரிசையா வந்துடும், அத தப்பா எடுத்துட்டா மத்த எல்லாமே தப்பாதான் போகும்.

என் முதல் போர்டு 7.5. "கத்துக்கிறவங்களுக்கு சின்ன போர்டுதான் ஈஸி"ன்னு ஒருத்தர் சொல்லி வாங்கினது, என் பாதம் 27 சென்டிமீட்டர். ஆலி (போர்டோட சேந்து மேல தாவுற ட்ரிக்) போட்டு இறங்கும்போதெல்லாம் முன்கால் விரல் பக்கம் முழுசா வெளிய தொங்கும், வெயிட் அந்தப் பக்கம் போனதும் போர்டு சாய்ஞ்சு ஷூவோட ஓரம் தரையில தேயும். என் பேலன்ஸ்ல தான் பிரச்சனைன்னு நினைச்சு ஆறு மாசம் அதையே ஓட்டினேன். ஒருநாள் ஃப்ரெண்டோட 8.25ல சும்மா ஏறி நின்னேன், அவ்ளோதான், காலுக்கு அடியில தரை மாதிரி இருந்துச்சு. அன்னைக்கே நாலு ஆலில ரெண்டு ஸ்டெடியா இறங்கினேன். அந்த ஆறு மாசம் வேற யாருக்கும் வீணாகக்கூடாதுன்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

ஸ்டெப் 1: எங்க ஓட்டப்போறீங்கன்னு முடிவு பண்ணுங்க

என்ன ட்ரிக் பண்ண ஆசைன்னு யோசிக்காதீங்க, வாரத்துல அதிக நேரம் எந்த இடத்துல நிப்பீங்கன்னு யோசிங்க. சமதரை, படிக்கட்டு, லெட்ஜ் (திண்ணை மாதிரி ஓரம்), ரெயில் (படிக்கட்டு கைப்பிடி மாதிரி கம்பி)னா அது ஸ்ட்ரீட். ராம்ப், பௌல் (கிண்ணம் மாதிரி பள்ளம்), வளைவான சுவர்னா ட்ரான்ஸிஷன். ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு போறதுக்குத்தான்னா க்ரூஸிங். ஒலிம்பிக்ஸ்லயே ஸ்ட்ரீட் தனி போட்டி பார்க் தனி போட்டின்னு பிரிச்சுதான் வெச்சிருக்காங்க, ரெண்டுக்கும் உடம்பு பண்ற வேலை வேற, போர்டு பண்ற வேலையும் வேற.

போர்டோட சரித்திரத்தை பாத்தாலே இது விளங்கும். ஆலிங்கிற ட்ரிக்கை 1970கள் கடைசில ஆலன் கெல்ஃபாண்ட் காலி நீச்சல் குளம் மாதிரி வளைவுகள்ல கண்டுபிடிச்சாரு, அவரோட பட்டப்பேருதான் ட்ரிக்குக்கும் பேராச்சு. 1982ல ராட்னி மல்லன் அத சமதரைல பண்ணி காட்டினாரு, அவர் ஃப்ரீஸ்டைல் ஆளு, அதாவது சமதரைலயே ட்ரிக் போடுறவர், அந்த ஸ்டைலுக்கான போர்டு ஒடுக்கமா இருக்கும். அதே 80கள்ல ராம்ப்லயும் பௌல்லயும் ஓட்டினவங்க கைல இருந்தது 10 இன்ச் வரைக்கும் அகலமான பெரிய பலகைங்க. 90கள் ஆரம்பத்துல எல்லாரும் தெருவுக்கு வந்து ஃபிளிப் ட்ரிக்கா (போர்டை காலால உதறி சுழட்டுறது) போட ஆரம்பிச்சதும் போர்டு 7.5 பக்கம் சுருங்குச்சு, வீல் 40 மில்லிமீட்டர் அளவுக்கு குட்டியாச்சு. அப்புறம் பெரிய படிக்கட்டு, பெரிய ரெயில், கான்க்ரீட் பார்க்னு வர வர திரும்ப 8, 8.25, 8.5ன்னு ஏறிடுச்சு. அந்தந்த காலத்துல எங்க ஓட்டினாங்களோ அதுக்கு ஏத்த மாதிரி பலகை மாறிட்டே வந்திருக்கு. உங்களுக்கும் அதேதான்.

ஸ்டெப் 2: பாதத்தை அளங்க

சுவத்துல குதிகாலை ஒட்டி வெச்சு நின்னு, பெருவிரல் நுனில கோடு போட்டு ஸ்கேல் வெச்சு அளங்க. ஷூ நம்பர் ஊருக்கு ஊர் கம்பெனிக்கு கம்பெனி மாறும், சென்டிமீட்டர் மாறாது.

ஒரு விஷயம் முதல்லயே தெரிஞ்சுக்கோங்க, பாதம் முழுசா போர்டுக்குள்ள அடங்கணும்னு அவசியமில்ல. 8.25 இன்ச்னா கிட்டத்தட்ட 21 சென்டிமீட்டர்தான், 26 சென்டிமீட்டர் பாதத்தை நேர் குறுக்கா வெச்சா 5 சென்டிமீட்டர் வெளிய நிக்கத்தான் செய்யும். நாம கொஞ்சம் சாய்வா வெச்சு நிக்கிறோம், அதுல கொஞ்சம் சமன் ஆகும், மீதி விரல் நுனியும் குதியும் லேசா வெளிய இருக்கலாம். உள்ள இருக்கவேண்டியது விரலுக்கு கீழ இருக்கிற அந்த சதைத்திட்டு. உடம்பு எடையை அதுலதான் தாங்குறோம், திரும்பும்போது அதுலதான் அழுத்துறோம். அது ஓரத்தை தாண்டி வெளிய போச்சுன்னா அந்த போர்டு உங்களுக்கு ஒடுக்கம்.

நான் கேக்குறவங்களுக்கு சொல்ற தோராய கணக்கு: 24 சென்டிமீட்டருக்கு கீழன்னா 7.5ல இருந்து 7.75, 24ல இருந்து 26க்குள்ளன்னா 7.75ல இருந்து 8.25, 26ல இருந்து 28ன்னா 8.25ல இருந்து 8.5, அதுக்கு மேலன்னா 8.5ல ஆரம்பிங்க. ஆரம்பிக்கிற இடம் மட்டும்தான் இது. அடுத்த ஸ்டெப்ல இதை அப்படி இப்படி நகர்த்துவோம்.

ஸ்டெப் 3: ரெண்டையும் சேத்து ஒரு அகலத்துக்கு வாங்க

இங்கதான் நிறைய நேரம் செலவு பண்ணணும்.

அகலம் கூடினா நிக்க இடம் கிடைக்கும், உயரத்துல இருந்து இறங்கும்போது கால் கொஞ்சம் தப்பா விழுந்தாலும் போர்டு மன்னிச்சுடும், வேகத்துல ஆட்டம் குறைவா தெரியும். அதுக்கு பதிலா குடுக்கவேண்டியது ஃபிளிப் வேகம். கிக்ஃபிளிப்ல போர்டு தன்னோட நீளவாக்கு அச்சுல சுத்துது, எடை அந்த அச்சுல இருந்து தள்ளித் தள்ளி போகப்போக சுத்தவிட அதிக வேகமா காலை உதறணும். 8.0க்கும் 8.5க்கும் அகலத்துல வித்தியாசம் 6 சதவீதம்தான், ஆனா நீளமும் தடிமனும் அப்படியே இருக்குன்னு வெச்சு பலகையை மட்டும் கணக்கு போட்டா சுத்துறதுக்கு எதிரா நிக்கிற தடை சுமார் 20 சதவீதம் ஏறுது, ஏன்னா அகலம் கூடும்போது எடையும் கூடுது, தூரமும் கூடுது, தூரம் ரெண்டு தடவ பெருக்கல்ல வருது. கால் இன்ச் மாத்தினாலே கால் கண்டுபிடிச்சுடுதுன்னு சொல்றாங்களே, அது வெறும் மனப்பிரமை இல்ல.

ஸ்ட்ரீட்ல ஃபிளிப் ட்ரிக், மேனுவல் (ரெண்டு வீல்ல மட்டும் போறது), லெட்ஜ்னு டெக்னிக்கலா போறவங்களுக்கு 7.75ல இருந்து 8.25. படிக்கட்டு, ரெயில்னு பெருசா தாவுறவங்க 8.25ல இருந்து 8.5 எடுங்க, இறங்கும்போது அந்த கூடுதல் இடம் கணுக்காலை காப்பாத்தும். பார்க், மினி ராம்ப், பௌல்னா 8.25ல இருந்து 8.75, வெர்ட் (உச்சில செங்குத்தா முடியிற பெரிய ராம்ப்), பெரிய பௌல்னா 8.5ல இருந்து 9 வரைக்கும் போகலாம், அங்க நீங்க போர்டை அதிகம் சுழட்டப்போறதில்ல, வேகமா போய் கோப்பிங்ல (ராம்ப், பௌலோட மேல் விளிம்புல) நிக்கப்போறீங்க. க்ரூஸிங் மட்டும்னா 8.5க்கு மேல எது புடிச்சாலும் எடுக்கலாம், அதுல வீல்தான் முக்கியம்.

எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டணும், இன்னும் எதுவும் முடிவாகலன்னு சொல்றவங்களுக்கு என் பதில் 8.25. பாதம் 25க்கு கீழன்னா 8.0. யாரும் கேக்காமலே இதை சொல்லிடுவேன், அவ்ளோ தடவ இது சரியா வந்திருக்கு.

பாதம் ஒண்ணு சொல்லுது ஸ்டைல் வேற சொல்லுதுன்னா என்ன பண்றது? உதாரணத்துக்கு 28 சென்டிமீட்டர் பாதம், ஆனா முழுநேரமும் ஃபிளாட்ல ஃபிளிப் ட்ரிக்தான். அப்போ பாதத்துக்கு கிடைச்ச ரேஞ்ச்ல கீழ்ப்பக்கம் எடுங்க, அதாவது 8.25. 24 சென்டிமீட்டர் பாதம், ஆனா பௌல் மட்டும்தான்னா ரேஞ்ச்ல மேல்பக்கம், 8.25. பாத்தீங்களா, ரெண்டு பேரும் ஒரே நம்பர்ல வந்து நிக்கிறாங்க, காரணம்தான் வேற வேற.

ஸ்டெப் 4: நீளத்தை விடுங்க, வீல்பேஸை பாருங்க

சாதாரண ஸ்ட்ரீட் டெக் பெரும்பாலும் 31ல இருந்து 32.5 இன்ச் நீளத்துக்குள்ள இருக்கும், அகலத்தோட சேந்து நீளமும் கொஞ்சம் ஏறும், அதனால நீளத்தை தனியா தேர்ந்தெடுக்கவேண்டிய தேவையே அநேகமா வராது. வீல்பேஸ் வேற கதை. முன் ட்ரக்கோட உள்பக்க போல்ட் ஓட்டைல இருந்து பின் ட்ரக்கோட உள்பக்க போல்ட் ஓட்டை வரைக்கும் இருக்கிற தூரம்தான் வீல்பேஸ். பெரும்பாலான டெக்ல 14ல இருந்து 14.5 இன்ச்.

குறைஞ்ச வீல்பேஸ்னா சட்டுனு திரும்பும், டெயிலை (போர்டோட பின் முனை) தட்டினா நோஸ் (முன் முனை) செங்குத்தா எழும்பும். அதிக வீல்பேஸ்னா வேகத்துல நிதானமா போகும், கால் விரிச்சு நிக்கிறவங்களுக்கு வசதி, பாப் பண்ண, அதாவது டெயிலை தரைல அடிச்சு போர்டை எழுப்ப, கொஞ்சம் அதிக பலம் வேணும். உயரத்துக்கு ஒரு வேலை இருக்குன்னா அது இங்கதான்: ரொம்ப உயரமானவங்க, இயல்பாவே காலை அகட்டி நிக்கிறவங்க 14.25க்கு மேல பாக்கலாம், குட்டையானவங்க 14 பக்கம் பாக்கலாம். ஒரே 8.25ன்னு எழுதின ரெண்டு போர்டு ஓட்டும்போது ரெண்டு விதமா இருக்குன்னா பாதி நேரம் காரணம் இந்த கால் இன்ச் வீல்பேஸ்தான். போல்ட் ஓட்டைக்கு வெளிய இருக்கிற நோஸும் டெயிலும் எவ்ளோ நீளம், எவ்ளோ செங்குத்தா வளைச்சிருக்காங்கங்கிறதும் சேரும்.

ஸ்டெப் 5: கான்கேவ், ஷேப்

டெக்கை கண்ணுக்கு நேரா தூக்கி நோஸ் பக்கத்துல இருந்து ஒரு கண்ணை மூடிட்டு பாருங்க, ரெண்டு ஓரமும் மேல தூக்கி நடு பள்ளமா தெரியும். அதுதான் கான்கேவ். ஆழமா இருந்தா ஓரம் காலுக்கு நல்லா மாட்டும், ஃபிளிப் சட்டுனு கெளம்பும், நாள் முழுக்க நின்னா பாதம் வலிக்கும். தட்டையா இருந்தா நிக்க சுகம், க்ரூஸிங்குக்கு நல்லது, உதறல் கொஞ்சம் மெதுவா இருக்கும். ஆழமான கான்கேவ் போர்டு அதோட நம்பரை விட காலுக்கு ஒடுக்கமா தெரியும், அதனால ரெண்டு சைஸுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு ஆழமான கான்கேவ் எடுக்கப்போறீங்கன்னா பெரிய நம்பர் பக்கம் போங்க.

ஷேப்ல சாதாரண ஐஸ் குச்சி வடிவம் போதும், ரெண்டு பக்கமும் உருண்டையா இருக்குமே அது. முட்டை மாதிரி, சதுர டெயில் மாதிரி ஷேப்பான டெக் எடுத்தா நம்பரை மட்டும் நம்பாதீங்க, அது அதிகபட்ச அகலம் இருக்கிற இடத்துல அளந்தது. 8.75ன்னு எழுதியிருக்கும், பின் ட்ரக் கிட்ட 8.25தான் இருக்கும், உங்க பின்கால் நிக்கிறது அங்கதான். டேப் வெச்சு அளந்துடுங்க.

மரத்தை பத்தி ஒரே வரி: 7 அடுக்கு ஹார்ட் மேப்பிள்னா கண்ணை மூடிட்டு எடுக்கலாம், என்ன மரம்னே சொல்லாத ரெடிமேட் பொம்மை போர்டு வேண்டாம்.

ஸ்டெப் 6: ட்ரக்கை டெக்குக்கு பொருத்துங்க

சரியான டெக் எடுத்துட்டு தப்பான ட்ரக்கை மாட்டி ஓட்டுறவங்களை அடிக்கடி பாக்குறேன், மனசு கஷ்டமா இருக்கும். விதி சுலபம். ட்ரக்கோட ஆக்ஸில், அதாவது ரெண்டு வீலையும் கோத்து நிக்கிற அந்த கம்பி, ஒரு முனைல இருந்து மறு முனை வரைக்கும் டெக் அகலத்துக்கு சமமா இருக்கணும். முன்ன பின்ன எட்டுல ஒரு இன்ச் பரவாயில்ல, கால் இன்ச் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல வேண்டாம்.

குழப்பம் எங்க வருதுன்னா நிறைய கம்பெனிக்காரங்க ட்ரக் மேல ஆக்ஸில் அளவை எழுதமாட்டாங்க, அவங்கவங்க ஒரு நம்பர் வெச்சிருப்பாங்க. இன்டிபென்டன்ட் கம்பெனி ட்ரக்கை எடுத்தா 139ன்னா ஆக்ஸில் 8.0, 144ன்னா 8.25, 149ன்னா 8.5, 159ன்னா 8.75. அந்த நம்பர் ஹேங்கரோட (ஆக்ஸிலை தாங்கி நிக்கிற ட்ரக் பாகம்) அகலம், மில்லிமீட்டர்ல. வேற கம்பெனில நம்பர் வேற மாதிரி இருக்கும், அதனால எந்த ட்ரக்கா இருந்தாலும் "ஆக்ஸில் எத்தனை இன்ச்"னு மட்டும் கேளுங்க.

ட்ரக் ஒடுக்கமா இருந்தா வீல் உள்ள தள்ளி இருக்கும், ஓரத்துல மிதிச்சதும் போர்டு குப்புனு சாயும், வேகத்துல ஆடும். ட்ரக் அகலமா இருந்தா வீல் வெளிய நீட்டிட்டு இருக்கும், காலால தள்ளும்போது ஷூ வீல்ல உரசும், திரும்புறது மந்தமா இருக்கும். மாட்டினப்புறம் போர்டை மேல இருந்து நேரா பாருங்க, வீலோட வெளிப்பக்கமும் டெக் ஓரமும் ஏறக்குறைய ஒரே கோட்டுல இருக்கணும்.

பழைய ட்ரக்கை புது டெக்ல மாட்டப்போறீங்கன்னா ஓட்டையையும் பாருங்க. இப்போ வர்ற டெக்ல நீளவாக்குல ஓட்டைங்களுக்கு நடுவுல 2.125 இன்ச், ரொம்ப பழைய ட்ரக்ல 2.5 இன்ச் இருக்கும், அது இதுல உக்காராது. ரெண்டு அளவுக்கும் ஓட்டை போட்டு வர்ற ட்ரக்கும் இருக்கு.

ஸ்டெப் 7: வீல், ரைசர், கிரிப்

ஸ்ட்ரீட்டுக்கு 50ல இருந்து 54 மில்லிமீட்டர், கடினம் 99ஏ பக்கம் (இந்த நம்பர் கூடக்கூட வீல் கடினம்). ட்ரான்ஸிஷனுக்கு 54ல இருந்து 58, அதே கடினம். க்ரூஸிங்குக்கு 78ஏல இருந்து 87ஏ வரைக்கும் மெத்துன்னு இருக்கிறது, சைஸும் பெருசு, கரடுமுரடான ரோட்ல பல்லு ஆடாம போகலாம். பெரிய வீல் போட்டா திரும்பும்போது வீல் டெக்ல இடிச்சு போர்டு அப்படியே நின்னுடும், நீங்க முன்னாடி பறந்துடுவீங்க, அதனால ட்ரக்குக்கும் டெக்குக்கும் நடுவுல எட்டுல ஒரு இன்ச் ரைசர் (உயரம் கூட்ட நடுவுல வைக்கிற தட்டு) வெச்சு போல்ட்டையும் அந்த அளவுக்கு கூடுதல் நீளமா எடுங்க. டெக்குக்கு அடியில வீல் உரசின கருப்பு பிறை மாதிரி தடம் தெரிஞ்சா அன்னைக்கே வெச்சுடுங்க, தள்ளிப்போடாதீங்க.

கிரிப் டேப் ஷீட் சாதாரணமா 9 இன்ச் அகலம். 9க்கு மேல டெக் எடுத்தா 10 இன்ச் ஷீட் கேளுங்க, இல்லன்னா ஓரத்துல மரம் தெரியும்.

குழந்தைகளுக்கு வாங்கினா

இங்க மட்டும் உயரமும் எடையும் நிஜமாவே முக்கியம். "வளர்ற புள்ளதானே, பெருசாவே வாங்கிடலாம்"னு 8.25 வாங்கி குடுத்தா அந்த குழந்தைக்கு டெயிலை தட்டினா போர்டு எழும்பாது, திருப்பினா திரும்பாது, ஒரு வாரத்துல வெறுத்து மூலைல போட்டுடும். சின்ன பிள்ளைங்களுக்கு 7.0ல இருந்து 7.5 வரைக்கும், நீளமும் வீல்பேஸும் குறைஞ்ச மினி டெக் தனியா வருது, அத வாங்குங்க, ட்ரக்கும் அதே அகலத்துக்கு சின்னதா இருக்கட்டும். பாதம் 23 சென்டிமீட்டர் தாண்டினதும் முழு சைஸுக்கு மாத்தலாம்.

ஸ்டெப் 8: ஏறி நின்னு பாருங்க

வாங்குறதுக்கு முன்னாடி யாரோட போர்டாவது ஓசி கேட்டு அஞ்சு நிமிஷம் நில்லுங்க, ஸ்கேட் பண்றவங்க பெரும்பாலும் தருவாங்க, கேக்க கூச்சப்படாதீங்க. நீங்க ஓட்டும்போது போடுற ஷூவோடதான் நிக்கணும். முன்கால் முன் போல்ட்டுக்கு பின்னாடி, பின்கால் டெயில் மேல. முழங்காலை மடக்கி விரல் பக்கம் அழுத்துங்க, அப்புறம் குதி பக்கம். ரெண்டு பக்கமும் போர்டு சாயணும், ஆனா உங்க கணுக்கால் மடங்கக்கூடாது. விரல் பக்கம் அழுத்தினதும் ஷூ நுனி கீழ இறங்கி தரையை பாக்குதுன்னா ஒடுக்கம். எவ்ளோ அழுத்தினாலும் மரக்கட்டை மாதிரி அசையாம இருக்குன்னா அகலம் அதிகம், இல்ல ட்ரக்கோட நடு நட்டு ரொம்ப இறுக்கமா இருக்கு, நட்டை அரை சுத்து தளர்த்தி திரும்ப பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

ஸ்டெப் 9: வாங்கினப்புறம் கொஞ்ச நாள் விட்டுவைங்க

நான் 7.5ல இருந்து 8.25க்கு மாறின முதல் வாரம் ஆலி எல்லாம் பிரமாதமா வந்துச்சு, கிக்ஃபிளிப் முக்கால் சுத்துல நின்னு ஓரமா விழுந்து கணுக்கால்ல அடிச்சுட்டே இருந்துச்சு. பழைய அளவுக்கே உதறிட்டு இருந்தேன், கால் அத மறக்க மூணாவது வாரம் ஆச்சு. இந்த இடைப்பட்ட நேரத்துலதான் நிறைய பேர் "இது எனக்கு செட் ஆகல"ன்னு திரும்ப மாத்திடுறாங்க. குறைஞ்சது ஒரு மாசம் குடுங்க. அதுக்கப்புறமும் இறங்கும்போது கால் ஓரத்தை தாண்டிட்டே இருந்தா அடுத்த டெக்குல கால் இன்ச் ஏத்துங்க, கால் நல்லா நிக்குது ஆனா ஃபிளிப் எல்லாம் சோம்பலா இருக்குன்னா எட்டுல ஒரு இன்ச் இறக்குங்க. ஒரே தடவைல அரை இன்ச் மாத்தாதீங்க, அப்போ ட்ரக்கும் மாத்தவேண்டி வரும். கால் இன்ச்சுக்குள்ளன்னா பழைய ட்ரக்கே ஓடும், உதாரணத்துக்கு 8.25 ஆக்ஸில் வெச்சிருந்தா 8.125லயும் போடலாம் 8.38லயும் போடலாம்.

அப்புறம் கிரிப் ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை. மேல்பக்கம் இருக்கிற ஸ்டிக்கர்ல அகலம், நீளம், வீல்பேஸ் மூணும் இருக்கும், கிரிப் ஒட்டினதும் மறைஞ்சுடும், அடியில எழுதியிருக்கிறது ஸ்லைடு பண்ண பண்ண தேய்ஞ்சுடும். போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. டெயில் கத்தி மாதிரி தேய்ஞ்சு, பாப் செத்துப்போய், அடுத்த டெக் வாங்கப்போற அன்னைக்கு அந்த மூணு நம்பரை கடையில காட்டினா போதும், புடிச்சிருந்தா அதே, புடிக்கலன்னா எந்த நம்பரை மாத்தணும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.